மார்ட்டின் எட்வர்ட்ஸ்: மான்செஸ்டர் யுனைடெட்டின் முன்னாள் சேர்மன் பற்றி டர்பன் ரசிகர்கள் கேட்கும் கேள்விகள்

டர்பனில் சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் நம் ஆட்கள் வீட்டுக்குள் நுழைந்தால், சாமி படத்துக்குப் பக்கத்திலேயே லிவர்பூல் துண்டோ யுனைடெட் துண்டோ தொங்கும். இங்கிலாந்தில் குளிர்காலம் என்றால் சனிக்கிழமை சாயங்காலம் நம் நேரம் 5 மணிக்கு ஆட்டம். அவர்கள் கடிகாரத்தை மாற்றிவிட்டால் 4 மணிக்கு. மேனேஜர் பெர்குசன், ஆட்டக்காரர்கள் கன்டோனா, பெக்கம் பெயரெல்லாம் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். இருபது வருடம் யுனைடெட் கிளப்பைக் கையில் வைத்திருந்த மனிதரைப் பற்றிக் கேட்டால் பெரியவர்களே யோசிக்கிறார்கள்.

எனக்கு இது குறையாகப் படுகிறது. கோல் போடுகிறவனைக் கொண்டாடுவது சரிதான். ஆனால் ஒரு கிளப் அடுத்த வருடம் இருக்குமா, எங்கே இருக்கும், யாருடையதாக இருக்கும் என்பதையெல்லாம் பங்குப் பத்திரம் வைத்திருப்பவர்தான் முடிவு செய்கிறார். டர்பன்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். நம் சாட்ஸ்வர்த் கிளப் மேனிங் ரேஞ்சர்ஸின் கதையே அதுதான். அதற்கும் கீழே ஒரு கேள்வி இருக்கிறது.

யார் இந்த மார்ட்டின் எட்வர்ட்ஸ்?

1945ல் பிறந்தவர். மான்செஸ்டரில் இறைச்சி வியாபாரக் குடும்பம். இளவயதில் ஆடியது கால்பந்து இல்லை, ரக்பி. 1970ல் யுனைடெட் நிர்வாகக் குழுவில் சேர்ந்தார், 1980 மார்ச்சில் சேர்மன் ஆனார், 2000ல் முதன்மை நிர்வாகப் பொறுப்பைப் பீட்டர் கென்யனிடம் கொடுத்தார். அந்த இருபது வருடத்தில் கிளப் லீக் பட்டத்துக்காக ஏங்கிக் கிடந்த நிலையிலிருந்து, ஒரே பருவத்தில் மூன்று கோப்பை தூக்கிய நிலைக்கு வந்தது. இன்றைக்கும் அவர் கிளப்பின் கௌரவ ஆயுள் தலைவர்.

சேர்மனுக்கும் மேனேஜருக்கும் என்ன வித்தியாசம்? எல்லாம் பெர்குசன்தானே செய்தார்?

மேனேஜர் யாரை ஆட வைப்பது என்று பார்ப்பார். அந்த மேனேஜரை வேலைக்கு வைப்பதும் அனுப்புவதும் சேர்மன். ஆள் வாங்கப் பணம் உண்டா இல்லையா என்று சொல்வது, மைதானம் கட்டக் கடன் வாங்குவது, டிவிக்காரர்களோடு பேரம் பேசுவது எல்லாம் அவர் மேசையில் வரும்.

எட்வர்ட்ஸ் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பழைய நாளில் இங்கிலாந்துக் கிளப் இயக்குநர்கள் சம்பளம் வாங்கக் கூடாது. ஊர்ப் பெருமைக்காகச் செய்யும் வேலை அது. 1980களின் தொடக்கத்தில் அந்த விதி தளர்ந்தது. உடனே சம்பளத்துக்கு முழுநேர நிர்வாகியாக உட்கார்ந்தவர்களில் அவர் ஒருவர். ஆக சேர்மன், பெரும்பங்கு முதலாளி, சம்பளக்காரர் மூன்றும் ஒரே ஆள். அவரைப் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் பேசுவதெல்லாம் இந்த மூன்றும் ஒருவரிடம் சேர்ந்ததைப் பற்றித்தான்.

இறைச்சி வியாபாரி குடும்பத்துக்கு இவ்வளவு பெரிய கிளப் எப்படிக் கிடைத்தது?

அப்பா லூயிஸ் எட்வர்ட்ஸிடமிருந்து தொடங்க வேண்டும். மேனேஜர் மாட் பஸ்பிக்கு நெருங்கிய நண்பர். அவரைக் குழுவில் சேர்க்கப் பஸ்பி விரும்பினார், ஒரு மூத்த இயக்குநர் தடுத்துவந்தார். 1958 பிப்ரவரி 6ஆம் தேதி முனிச் விமான விபத்து நடந்தது. 23 பேர் போனார்கள், அதில் 8 பேர் ஆட்டக்காரர்கள். மறுநாளே கூடிய குழு லூயிஸைச் சேர்த்துக்கொண்டது. தடுத்துவந்த இயக்குநர் விபத்துக்குச் சில நாள் முன்பே காலமாகியிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். யுனைடெட் பங்குகள் அப்போது ஊரெல்லாம் சிதறிக் கிடந்தன. தாத்தா வாங்கிவைத்த பத்திரம், விதவைப் பாட்டியின் பெட்டியில் மடித்துக் கிடக்கும் காகிதம் என்று பல வீடுகளில். லாபப் பங்கு என்று பெரிதாக எதுவும் வராததால் யாருக்கும் அதன் மதிப்புத் தெரியாது. லூயிஸ் பங்குதாரர் பட்டியலைக் கையில் எடுத்து, ஆள் அனுப்பி, வீடு வீடாகக் கதவைத் தட்டி வாங்கினார். 1964க்குள் பாதிக்கு மேல் அவரிடம். மொத்தச் செலவு சுமார் 40,000 பவுண்டு என்று சொல்லப்படுகிறது. 1965ல் சேர்மன். 1968ல் யுனைடெட் ஐரோப்பியக் கோப்பை வென்றபோது சேர்மன் நாற்காலியில் இருந்தவர் இவர்தான்.

சட்டப்படி இதில் தப்பில்லை என்பார்கள். இருந்தாலும், அந்தப் பாட்டிகள் கையெழுத்துப் போட்டபோது என்ன விற்கிறோம் என்று யாராவது சொல்லியிருப்பார்களா என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

மகன் சும்மா வாரிசாக வந்து உட்கார்ந்துவிட்டாரா?

முழுக்க அப்படியும் இல்லை. 1978ல் கிளப் புதிய பங்குகள் வெளியிட்டது. ஒரு பங்கு வைத்திருந்தவருக்கு மேலும் 208 பங்கு வாங்கும் உரிமை. அதில் சுமார் 1 மில்லியன் பவுண்டு திரட்டினார்கள். மார்ட்டின் தன் பங்குக்காக வங்கியில் 6 லட்சம் பவுண்டு அளவுக்குக் கடன் வாங்கினார். அந்தக் காலத்தில் அது சின்னப் பணம் இல்லை. வட்டி கட்டவே திணற வேண்டிய கடன். பின்னாளில் அவர் மூன்று முறை கிளப்பை விற்கப் பார்த்ததைப் புரிந்துகொள்ள இந்தக் கடனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1980 ஜனவரியில் கிரனாடா டிவி ஒரு புலனாய்வு நிகழ்ச்சி போட்டது. பங்குகள் வாங்கிய விதம், இறைச்சி ஒப்பந்தங்கள் கிடைத்த விதம் இரண்டிலும் லூயிஸ் மேல் குற்றச்சாட்டு. சில வாரத்தில், பிப்ரவரி கடைசியில், மாரடைப்பில் அவர் இறந்துபோனார். விசாரணை எங்கும் போய்ச் சேரவில்லை. அடுத்த மாதமே 34 வயது மகன் சேர்மன் ஆனார்.

முதல் சில வருடம் எப்படிப் போனது?

வந்த அடுத்த வருடமே மேனேஜர் டேவ் செக்ஸ்டனை அனுப்பினார். செக்ஸ்டன் கடைசி ஏழு ஆட்டமும் ஜெயித்திருந்தார்; இருந்தும் போக வேண்டியதாயிற்று. அவர் இடத்துக்கு ரான் அட்கின்சன் வந்தார், கூடவே ஆட்டக்காரர் பிரையன் ராப்சன் 1.5 மில்லியன் பவுண்டுக்கு வந்தார். பிரிட்டனில் அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. 1983லும் 1985லும் எஃப்ஏ கோப்பை கிடைத்தது. இரண்டு முறையும் கோல் காத்தவர் நம் நாட்டில் வளர்ந்த கேரி பெய்லி. பின்னால் இங்கே கைசர் சீஃப்ஸ் கிளப்புக்கு ஆடி, டிவியில் கோட் போட்டு உட்கார்ந்து பேசினாரே, அதே பெய்லி.

லீக் மட்டும் வரவில்லை. 1985 பருவத்தில் முதல் பத்து ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டு நாலாவது இடத்தில் முடித்தார்கள்.

பெர்குசனைப் போலிக் குரலில் போன் செய்து கூப்பிட்டார்கள் என்று எங்கள் மாமா சொல்கிறார். நிஜமா?

மாமா சொல்வது சரிதான். 1986 நவம்பர் தொடக்கத்தில் சவுத்தாம்டனிடம் 4-1 என்று தோற்றார்கள். எட்வர்ட்ஸ் இயக்குநர்களோடு உட்கார்ந்தார். அட்கின்சன் போக வேண்டும், ஸ்காட்லாந்தில் அபர்டீனை நடத்தும் அலெக்ஸ் பெர்குசன் வர வேண்டும் என்று முடிவானது. நேராக யுனைடெட் பெயரில் போன் செய்தால் விஷயம் வெளியே போய்விடும். அதனால் மைக்கேல் எடல்சன் என்ற இயக்குநர் ஸ்காட்லாந்து உச்சரிப்பில் பேசி, அங்கிருந்து யுனைடெட்டுக்கு வந்திருந்த கார்டன் ஸ்ட்ராகனின் தரப்பு ஆள் என்று சொல்லி, பெர்குசன் லைனில் வந்ததும் எட்வர்ட்ஸிடம் கொடுத்துவிட்டார். அன்று ராத்திரியே காரில் கிளாஸ்கோ பக்கம் போய்ப் பேசி முடித்தார்கள். நவம்பர் 6ஆம் தேதி ஒருவர் போனார், அன்றே மற்றவர் வந்தார்.

22 அணியில் யுனைடெட் அப்போது 21ஆவது இடம்.

1989ல் கூட்டமே பெர்குசனை விரட்டச் சொன்னதே. எட்வர்ட்ஸ் ஏன் விரட்டவில்லை?

என்னைக் கேட்டால் அவருடைய மொத்த வாழ்க்கையிலும் பெரிய வேலை இதுதான், அதாவது எதுவும் செய்யாமல் இருந்தது.

நிலவரத்தைப் பாருங்கள். 1987-88ல் இரண்டாம் இடம், அடுத்த வருடம் பதினொன்று. பாலிஸ்டர் என்ற ஆட்டக்காரருக்கு மட்டும் 2.3 மில்லியன் பவுண்டு கொடுத்திருக்கிறார்கள். 1989 செப்டம்பரில் பக்கத்து ஊட்டுக்காரன் மான்செஸ்டர் சிட்டியிடம் 5-1. டிசம்பரில் யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டிலேயே ஒரு ரசிகர் பெட்ஷீட்டில் எழுதிப் பிடித்தார்: மூன்று வருடமாகச் சாக்கு கேட்டாயிற்று, கிளம்பு என்று. பத்திரிகைகளும் நாள் குறித்தன. இந்த நிலையில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் ஒருவரும் எட்வர்ட்ஸைத் திட்டியிருக்க மாட்டார்கள். அட்கின்சனையும் செக்ஸ்டனையும் இதைவிடக் குறைந்த காரணத்துக்கு அனுப்பியவர்தான்.

ஆனால் அவர் உள்ளே நடந்ததைப் பார்த்தார். பெர்குசன் சிறுவர்களைத் தேடிப் பிடிக்கும் ஏற்பாட்டை முழுக்க மாற்றி அமைத்துக்கொண்டிருந்தார். 1984லிருந்து குழுவில் இருந்த பாபி சார்ல்டன் பெர்குசன் பக்கம் உறுதியாக நின்றார். பதினைந்து பதினாறு வயதுப் பையன்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். அதில் ரயான் கிக்ஸும் ஒருவன். பெர்குசன் வேலைக்கு அப்போது ஆபத்தே இருக்கவில்லை என்று எட்வர்ட்ஸ் பிற்பாடு பல முறை சொல்லியிருக்கிறார்.

1990 ஜனவரி 7, எஃப்ஏ கோப்பையில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டோடு ஆட்டம், மார்க் ராபின்ஸ் தலையால் போட்ட ஒரே கோல். அந்தக் கோல்தான் பெர்குசனைக் காப்பாற்றியது என்று டிவியில் இன்னும் சொல்கிறார்கள். நான் அதை நம்பவில்லை. அந்த மே மாதம் கோப்பை வந்தது, அடுத்த வருடம் ராட்டர்டாமில் பார்சிலோனாவை ஜெயித்தார்கள், 1993ல் 26 வருடத்துக்குப் பிறகு லீக். ஒரு கோலால் வருகிற வரிசை இல்லை இது. பொறுத்திருந்தவர் ஒருவர் மேலே இருந்ததால் வந்தது.

மைதானத்தில் பந்தைத் தட்டிக் காட்டிய கோடீஸ்வரர் யார்?

மைக்கேல் நைட்டன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதுபோல ஒரு நாள் கால்பந்தில் வேறு கிடையாது.

1989. ஓல்ட் டிராஃபோர்டில் ஸ்ட்ரெட்ஃபோர்ட் எண்ட் கேலரியைப் புதிதாகக் கட்ட வேண்டும். அந்த ஏப்ரலில்தான் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் அத்தனை உயிர் போனது. நின்று பார்க்கும் கேலரிகளுக்கு இனிக் காலம் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கட்ட எட்வர்ட்ஸ் கையில் பணம் இல்லை. நைட்டன் வந்தார்: உங்கள் பங்குக்கு 10 மில்லியன், கேலரிக்கு 10 மில்லியன். எட்வர்ட்ஸ் சரி என்றார்.

ஆகஸ்ட் 19, பருவத்தின் முதல் ஆட்டம், ஆர்செனலோடு. நைட்டன் யுனைடெட் உடுப்பு மாட்டிக்கொண்டு புல்வெளிக்குள் ஓடி வந்தார். தலையிலும் தொடையிலும் காலிலும் பந்தைத் தட்டித் தட்டி ஸ்ட்ரெட்ஃபோர்ட் எண்ட் வரை போய், காலி வலைக்குள் ஓங்கி அடித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அன்று 4-1 ஜெயித்தும்விட்டார்கள். இயக்குநர் வரிசையில் உட்கார்ந்திருந்த சிலர் முகம் மட்டும் இறுகியிருந்ததாகச் சொல்வார்கள்.

சில வாரத்தில் நைட்டனுக்குப் பின்னால் இருந்த பணக்காரர்கள் விலகினார்கள். வேறு ஆள் தேடினார், கிடைக்கவில்லை. அக்டோபரில் ஒப்பந்தத்தைக் கைவிட்டு, அதற்குப் பதில் குழுவில் ஒரு நாற்காலி வாங்கிக்கொண்டார். அதற்கு முன்பு 1984ல் ராபர்ட் மேக்ஸ்வெல் 10 மில்லியன் பேசி, விலை ஒத்துவராமல் போயிருந்தது. மேக்ஸ்வெல் 1991ல் இறந்தபோது தன் தொழிலாளர்களின் ஓய்வூதிய நிதியையே சூறையாடியிருந்தது வெளியே வந்தது. எட்வர்ட்ஸ் அன்று தலையாட்டியிருந்தால் யுனைடெட் எங்கே போயிருக்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

கன்டோனா எப்படி வந்தார்?

1992 நவம்பர். லீட்ஸ் கிளப்பின் பில் ஃபாதர்பி எட்வர்ட்ஸுக்குப் போன் செய்து, உங்கள் ஆட்டக்காரர் டெனிஸ் இர்வினை விற்பீர்களா என்று கேட்டார். பெர்குசன் அப்போது அதே அறையில். விற்க மாட்டோம் என்று தலையசைத்துவிட்டு, அவர்களிடம் இருக்கிற கன்டோனாவைக் கேட்டுப் பாருங்கள் என்று சொன்னார். எட்வர்ட்ஸ் கேட்டார். சில நாளில் 1.2 மில்லியன் பவுண்டுக்கு வேலை முடிந்தது. இர்வினும் எங்கும் போகவில்லை.

பிரீமியர் லீக்கை உருவாக்கியதில் இவருக்குப் பங்கு உண்டா?

நிறைய. 1990ல் ஐந்து பெரிய கிளப்புகளின் ஆட்கள், யுனைடெட், லிவர்பூல், எவர்டன், ஆர்செனல், டாட்டன்ஹாம், ஐடிவி சேனலின் கிரெக் டைக்கோடு விருந்தில் உட்கார்ந்து பேசினார்கள். டிவி பணத்தைக் கீழ்ப் பிரிவுகளோடு பங்கு போட வேண்டியதில்லை என்ற எண்ணம் அங்கே திரண்டது. 1992 ஆகஸ்டில் பிரீமியர் லீக் தொடங்கியது.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஸ்கை டிவிக்கு உரிமை கொடுக்கும் வாக்கெடுப்பில் யுனைடெட் எதிர்த்துதான் வாக்களித்தது. ஆறு கிளப் எதிர்ப்பு, பதினான்கு ஆதரவு. எட்வர்ட்ஸ் தோற்றார், அந்தத் தோல்வியில்தான் அதிகம் சம்பாதித்தார். இன்று நாம் மாதாமாதம் டிவி சேனல்களுக்காக டிஎஸ்டிவிக்குக் கட்டும் காசின் ஒரு துளியும் அந்த வழியாகத்தான் அங்கே போகிறது.

சின்னக் கிளப்புகள் இதில் நசுங்கின என்ற குறை நியாயமானது. அதற்கு முன்பே 1983ல், லீக் ஆட்டத்தின் டிக்கெட் வசூலில், எதிர்த்து ஆட வந்த அணிக்குப் பங்கு கொடுக்கும் பழைய வழக்கம் நின்றுபோனது. பெரிய மைதானம் உள்ளவன் வசூல் முழுவதையும் தானே வைத்துக்கொண்டான். எட்வர்ட்ஸ் அந்தப் பக்கம் நின்றவர்.

அவர் எவ்வளவு சம்பாதித்தார்?

1991 ஜூனில் கிளப்பைப் பங்குச் சந்தையில் விட்டார். ஸ்ட்ரெட்ஃபோர்ட் எண்டுக்குப் பணம் வந்தது. தன் பங்கில் கொஞ்சம் விற்று அவர் கைக்கும் 6 மில்லியன் பவுண்டுக்கு மேல் வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக்கொண்டே வந்தார். எல்லாம் சேர்த்து 80 மில்லியன் பவுண்டுக்கு மேல். அப்பா கதவு தட்டி வாங்கிய பத்திரங்களின் அறுவடை அது.

மைதானத்துக்கும் செலவாகத்தான் செய்தது. 1993ல் எல்லாம் இருக்கை ஆனபோது சுமார் 44,000 பேர் உட்காரலாம், 1996ல் வடக்கு ஸ்டாண்ட் எழுந்ததும் 55,000, 2000ல் 68,000. டிக்கெட் விலையும் கூடவே ஏறியது. அப்பாவோடு சின்ன வயதில் வந்தவர்கள் தங்கள் பிள்ளையைக் கூட்டிவர முடியவில்லை என்று மான்செஸ்டர்க்காரர்கள் புலம்புவதில் பொய்யில்லை.

ஸ்கைக்கே கிளப்பை விற்கப் போனாராமே?

1998 செப்டம்பரில் ஸ்கை டிவியை நடத்திய மர்டாக்கின் பிஸ்கைபி நிறுவனம் 623 மில்லியன் பவுண்டு தருவதாகச் சொன்னது. ஒன்பது வருடம் முன்பு நைட்டன் சொன்ன விலையோடு வைத்துப் பாருங்கள். குழு ஏற்றுக்கொண்டது. ரசிகர்கள் எழுந்தார்கள்: சிறு பங்குதாரர் சங்கம் அமைத்தார்கள், எம்பிக்களுக்குக் கடிதம் எழுதினார்கள், போட்டி ஆணையத்துக்கு மனு கொடுத்தார்கள். 1999 ஏப்ரலில் அரசாங்கம் தடுத்துவிட்டது. ஆட்டங்களை ஒளிபரப்ப விலை பேசுகிறவனே ஆடுகிற கிளப்பையும் வைத்திருக்கக் கூடாது என்பதுதான் சாரம்.

அடுத்த மாதம் பார்சிலோனாவில் பயர்னோடு கடைசி நிமிடங்களில் இரண்டு கோல். அந்தப் பருவத்தின் மூன்றாவது கோப்பை.

இப்போதைய முதலாளிகளான அமெரிக்கக் கிளேசர் குடும்பம் வந்ததற்கு இவர்தான் காரணமா?

இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

கடைசியாக இருந்த பெரும் பங்கை எட்வர்ட்ஸ் 2002ல் ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலதிபர் ஹாரி டாப்சன் தரப்புக்கு விற்றார். அடுத்த வருடம் அது கிளேசரிடம் போனது. 2005ல் கிளேசர் குடும்பம் சுமார் 790 மில்லியன் பவுண்டில் முழுக்க வாங்கியது. அதில் பெரும் பகுதி கடன், அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. எட்வர்ட்ஸ் நேரடியாகக் கிளேசருக்கு விற்கவில்லை. ஆனால் சந்தையில் விட்ட பொருளை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அந்தக் கதவை 1991ல் திறந்தவர் அவர். திறக்காமல் இருந்திருந்தால் கேலரி கட்ட வேறு வழி தேடியிருக்க வேண்டும். வழி இருந்ததா என்றால், இருந்தது, மெதுவான வழி. அவருடைய கடனும் அவருடைய ஆசையும் அந்த மெதுவான வழிக்கு இடம் கொடுக்கவில்லை.

பெர்குசன் விஷயத்தில் காட்டிய பொறுமையைப் பங்கு விஷயத்தில் அவர் காட்டவில்லை. இரண்டும் ஒரே மனிதர்தான்.

எட்வர்ட்ஸ் காலத்துக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் தொடர்பு ஏதாவது?

உண்டு. நம் நாடு உலகக் கால்பந்துக்குள் திரும்பச் சேர்ந்தது 1992ல். கேமரூனோடு முதல் ஆட்டம் இங்கே டர்பன் கிங்ஸ் பார்க்கில்தான், டாக்டர் குமாலோவின் பெனால்டி. அடுத்த வருடம் ஜூலையில் யுனைடெட் ஜோகன்னஸ்பர்க் வந்து ஆர்செனலோடு எல்லிஸ் பார்க்கில் ஆடியது, மண்டேலாவைச் சந்தித்தது. 1999ல் கேப் டவுன் பையன் குவின்டன் ஃபார்ச்சூனை வாங்கினார்கள்.

டர்பனுக்கு அவர்கள் 2008ல் வந்து பைரட்ஸ் கிளப்பை 1-0 என்றும், 2012ல் மோசஸ் மபிடா மைதானத்தில் அமாசூலு கிளப்பை 1-0 என்றும் ஜெயித்தது எட்வர்ட்ஸ் போன பிறகு.

மேனிங் ரேஞ்சர்ஸுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எனக்கு ரொம்ப முக்கியமான கேள்வி இது.

மேனிங் ரேஞ்சர்ஸ் 1928ல் தொடங்கியது. நம் தாத்தாக்கள் தோட்ட வேலையும் ரயில்வே வேலையும் முடித்து, கர்ரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் நின்று கைதட்டிய காலத்து மண். நிறவெறி ஆட்சியின் இனவாரிப் பகுதிச் சட்டம் ஊரைக் கலைத்துச் சாட்ஸ்வர்த்தில் போட்டபோதும் கிளப் கூடவே வந்தது. 1996-97ல் புதிய பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் பருவம். சீஃப்ஸ் இல்லை, பைரட்ஸ் இல்லை, சன்டவுன்ஸ் இல்லை. கார்டன் இகசண்ட் நடத்திய மேனிங் ரேஞ்சர்ஸ் சாம்பியன்! சாட்ஸ்வர்த் மைதானத்தைச் சுற்றி அன்று கேட்ட ஹாரன் சத்தத்தை அந்த வயதுக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. 1998ல் ஆப்பிரிக்கச் சாம்பியன்ஸ் லீக்கின் குழுச் சுற்று வரை போனார்கள்.

பத்தே வருடம். பணம் தீர்ந்தது, அணி கீழே இறங்கியது. 2006ல் உரிமம் ஃபிடென்ஷியா என்ற நிதி நிறுவனத்துக்கு விற்பனை. பெயர் ஃபிடென்ஷியா ரேஞ்சர்ஸ், ஊர் கேப் டவுன். 2007ல் அந்த நிறுவனமே நீதிமன்றக் கண்காணிப்புக்குப் போனது. உரிமம் இகாபா ஸ்போர்டிங் ஆனது. சாட்ஸ்வர்த்துக்கு மிஞ்சியது பழைய சட்டையும் போட்டோவும்.

நம் லீக்கில் லீக் இடமே விற்கும் பொருள். 1921ல் பிறந்த விட்ஸ் கிளப் 2020ல் இப்படித்தான் போனது, புளூம்ஃபான்டைன் செல்டிக் 2021ல் போனது. வாங்கியவர் பெயரையும் ஊரையும் மாற்றிக்கொள்வார். இங்கிலாந்தில் முதலாளி மாறலாம், ஆனால் ஓல்ட் டிராஃபோர்ட் மான்செஸ்டரில்தான் இருக்கும். விம்பிள்டன் கிளப்பை வேறு ஊரான மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக விட்டது ஒரே ஒரு விதிவிலக்கு; அதற்கே நாடு முழுவதும் இன்னும் கோபம், ரசிகர்கள் தாங்களே புதுக் கிளப் தொடங்கிவிட்டார்கள்.

எட்வர்ட்ஸ் மாதிரி ஆள் இருந்திருந்தால் ரேஞ்சர்ஸ் பிழைத்திருக்குமா என்று கேட்கிறார்கள். அவரே மூன்று முறை விற்கப் பார்த்தவர். விற்றாலும் கிளப் ஊரைவிட்டுப் போகாது என்ற விதி அங்கே இருந்தது. நமக்குத் தேவை அந்த விதி. கிளப் பெயரும் ஊரும் ரசிகர் சங்கத்தின் சம்மதம் இல்லாமல் மாறக் கூடாது என்று லீக் சட்டத்தில் ஒரு வரி எழுதினால் போதும், நாளைக்கு இன்னொரு ஊர் சாட்ஸ்வர்த் ஆகாது. மாரிட்ஸ்பர்க் யுனைடெட் 2024ல் டர்பன் சிட்டி ஆனபோது பீட்டர்மாரிட்ஸ்பர்க் நண்பர்கள் முகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இங்கிருந்து நாம் யுனைடெட் பங்கு வாங்க முடியுமா?

முடியும். 2012 ஆகஸ்டிலிருந்து நியூயார்க் பங்குச் சந்தையில் இருக்கிறது. வெளிநாட்டுப் பங்கு வாங்கித் தரும் தரகர் மூலம் ராண்டிலிருந்து டாலர் மாற்றி வாங்கலாம். வாங்குவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பொதுமக்கள் வாங்குவது ஏ வகைப் பங்கு, ஒன்றுக்கு ஒரு ஓட்டு. கிளேசர் குடும்பம் கையில் வைத்திருப்பது பி வகை, ஒன்றுக்கு 10 ஓட்டு. 2024ல் கால் பங்குக்கு மேல் வாங்கிக் கால்பந்துப் பொறுப்பைக் கையில் எடுத்த ஜிம் ராட்க்ளிஃபும் இரண்டு வகையிலும் சேர்த்துத்தான் வாங்கினார். லாபத்துக்கு என்றால் தரகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிளப்பில் நம் பேச்சும் எடுபட வேண்டும் என்பதற்காக என்றால், அந்தப் பணத்தில் உள்ளூர்க் கிளப்புக்கு இரண்டு செட் உடுப்பும் பந்தும் வாங்கிக் கொடுங்கள். சாட்ஸ்வர்த்தில் ஞாயிற்றுக்கிழமை லீக் ஆடும் பையன்களுக்கு இரண்டுமே பற்றாக்குறைதான்.